தலைவரும் அவரே, தவிசாளரும் அவரே

எங்கள் பிரதேச சபையின் தவிசாளர் முன்பு அதே சபையின் தண்ணீர் வண்டியை, பவுசரை, ஓட்டியவர். கிணறு உவர்த்துப்போன தீவில் பவுசர் சாரதி எவ்வளவு பெரிய மனிதன் என்று தீவாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் அதே சபையில் தற்காலிகத் தொழிலாளி. இறங்குதுறையைக் கூட்டுவேன், திருவிழா முடிந்தால் கோயில் வீதியில் எச்சில் இலையும் போத்தலும் பொறுக்குவேன். பதினொரு வருடம் இதுதான் வேலை. விளக்குமாறு தேய்ந்தால் புதிது தந்தார்கள். நான் தேய்ந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் எங்களோடு வேலை செய்தவரின் கையில் உழவு இயந்திரப் பெட்டியின் கதவு விழுந்து இரண்டு விரல்கள் போயின. தற்காலிக ஆளுக்கு லீவு கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அண்ணை (அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) பவுசரைக் கொண்டுவந்து சபை வாசலுக்குக் குறுக்கே விட்டார். வண்டியைப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு அதன் நிழலில் சம்மணம் கட்டி இருந்துவிட்டார். நாங்களும் போய்ப் பக்கத்தில் இருந்தோம். தண்ணீர் வராமல் கிடந்த சனங்கூட எங்களை ஏசவில்லை. மூன்றாம் நாள் லீவு கிடைத்தது, சங்கமும் பிறந்தது. சங்கத்தின் விதிகளை, யாப்பை, எழுதியவர் அவர், தலைவரும் அவர்.

பிறகு ஒரு கட்சி அவரைத் தேர்தலுக்குக் கேட்டது. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் நாங்கள்தான். அவர் வென்று தவிசாளராக வந்த அன்று இறங்குதுறையில் வெடி கொளுத்தினோம். அந்தக் குப்பையையும் நான்தான் கூட்டினேன், சந்தோசமாகக் கூட்டினேன்.

அந்தக் கிழமை சங்கக் கூட்டத்தில் அவர் எழும்பி, தான் இனி நிர்வாகத்தின் பக்கம், தலைவராக வேறு ஆளைப் போடுங்கள் என்றார். நியாயமாகத்தான் சொன்னார். என் வாயை என்ன செய்ய! நான் எழும்பி, அண்ணை இருக்கிற கதிரையில் இன்னொருவரை எப்படி இருத்துவது, எங்கள் ஆள் அங்கேயும் இருந்தால் எங்களுக்குத்தானே பலம் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். பொல்லைக் கொடுத்து அடி வாங்கிய விசரி நான்.

அடுத்த வருடம், நிரந்தரமாக்கச் சொல்லிச் சபை மேலிடத்துக்கு அனுப்பும் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது. எனக்குப் பின்னால் வந்தவர்களின் பெயர்கள் இருந்தன, தேர்தலில் கொடி பிடித்து ஓடியவர்களின் பெயர்கள் இருந்தன. என் பெயர் இல்லை. வயதெல்லை நாற்பத்தைந்து. எனக்கு அது முடிய நான்கு மாதங்கள்தான் இருந்தன. அதற்குள் நிரந்தரமாகாவிட்டால் சாகும்வரை தற்காலிகம்தான், பென்சன் கிடையாது. என் மனுசனோ முதுகு முறிந்து கடலுக்குப் போக ஏலாமல் கிடந்தார்.

சங்கச் செயலாளரிடம் ஓடினேன். கடிதம் எழுதலாம், ஆனால் தலைவரின் கையெழுத்து இல்லாமல் சங்கக் கடிதம் செல்லாது, யாப்பு அப்படி என்றார். கடிதத்தை நானே எழுதி, தவிசாளருக்கு என்று முகவரி போட்டு, தலைவரிடம் கையெழுத்து வாங்க அதே தவிசாளரின் அறை வாசலில் வாங்கில் குந்திக் காத்திருந்தேன்.

அவர் கடிதத்தை முழுதாக வாசித்தார். "நீரே எழுதினது?" என்று கேட்டார். ஓம் என்றேன். பேனையை எடுத்து, 'தயவுடன் வேண்டிக்கொள்கிறோம்' என்று நான் எழுதியிருந்ததை வெட்டி, 'கோருகிறோம்' என்று மேலே எழுதினார்.

"சங்கம் கெஞ்சப்படாது, தங்கச்சி. உரிமையோட கேக்க வேணும்."

என் கண் நிறைந்துவிட்டது. பவுசர் நிழலில் இருந்த அதே மனிதன் என்று நம்பினேன். மேசை லாச்சியை இழுத்து, சங்க முத்திரையை எடுத்துக் குத்திக் கையெழுத்து வைத்தார். பிறகு அதே கடிதத்தில் சபையின் 'கிடைத்தது' முத்திரையைக் குத்தி, திகதி போட்டு, தட்டில் வைத்தார்.

மூன்று கிழமையாகியும் பதில் இல்லை. திரும்பப் போனேன். பதில் எப்போதோ போய்விட்டது, சங்கத் தலைவருக்கு அனுப்பியாயிற்று என்று எழுதுவினைஞர் பிள்ளை முகம் பாராமல் சொன்னாள். ஆகவே மறுபடியும் அதே அறை. அவர் லாச்சியைத் திறந்து, பிரிக்காத கடித உறை ஒன்றை எடுத்து, என் முன்னாலேயே கிழித்து, தான் எழுதிய பதிலைத் தானே வாசித்தார். கோரிக்கை அனுதாபத்துடன் பரிசீலிக்கப்பட்டது, இம்முறை இடமில்லை. கீழே அவரின் கையெழுத்து.

கடிதத்தை மடித்து என் கையில் தந்தார். அவர் முகத்தில் உண்மையாகவே கவலை இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"சங்கத்தால ஏலுமானதைச் செய்திட்டம், தங்கச்சி," என்றார்.

"ஓம் அண்ணை, பெரிய உதவி," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.