அறுபது டன் அண்ணன்

லாரி எடைமேடையில் ஏறி நின்றதும் அவர் முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை, டயரைப் பார்க்கிறார். பிறகு நீளக் கம்பியில் கட்டிய வட்டக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார். மேடையைச் சுற்றியுள்ள இடுக்கில் அதை நுழைத்து, எடையைக் கெடுக்கும் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். டிரைவரைக் கீழே இறங்கச் சொல்கிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் கம்பத்தின் உச்சியில் எரியும் சிவப்பு எண்களை நிமிர்ந்து பார்க்கிறார். எடை சரியாக இருந்தால் லாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. "போ ராசா." எடை மிஞ்சியிருந்தால் தட்டும் கிடையாது, ராசாவும் கிடையாது. ஒற்றை விரல் வந்த வழியைக் காட்டும்.

விரல் காட்டப்பட்ட டிரைவர்கள் கெஞ்சுவார்கள், கொஞ்சுவார்கள், சிலர் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அவர் அசைந்து கொடுப்பதில்லை. எல்லோருக்கும் சேர்த்து அவரிடம் ஒரே பாட்டுத்தான் இருக்கிறது. "லாரி உன்னோடது, டயர் உன்னோடது, சரி. ரோடு யாரோடது? ஊரோடது. நீ பாரத்தை ஏத்தி அது குழி விழுந்தா, நீயா வந்து அடைக்கப் போறே?" கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம். 'ஊரோடது' வரும்போது வரிசையில் நிற்பவர்களும் சேர்ந்து கத்துவார்கள்.

அந்த எடைமேடை அறுபது டன் தாங்கும். அதனால் மேடைக்காரருக்கும் 'அறுபது டன் அண்ணன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. தமது கண்ணாடி அறைக்குள் அவர் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். ஆபீஸ் கொடுத்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலை விரித்துவிட்டதால், டிரைவர்கள் பழைய லாரி சீட்டு ஒன்றைக் கழற்றி, இரும்புக் கால் வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கென்று தனி நேரம் அந்த வேலையில் கிடையாது. பசித்தால் டீ, அலுத்தால் டீ, வரிசையில் முந்த நினைக்கும் டிரைவர் அன்பு பொங்க நீட்டும் டீ. எல்லாவற்றிலும் சர்க்கரை தாராளமாக இருக்கும். மேஜை டிராயரில் கிரீம் பிஸ்கட் எப்போதும் கையிருப்பு.

உடம்பில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிப் பல வருஷம் ஆயிற்று. அதை அவர் மறைக்கவும் இல்லை, மதிக்கவும் இல்லை. அதற்குக் காரணமும் வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை போடும் அதிகாரி வந்து எடைமேடையைச் சோதித்து முத்திரை வைத்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் இவர் மேடையின் நட்டநடுவில் போய் நிற்பார். கம்பத்தில் நூற்று நாற்பது என்று எரியும். போன வருஷமும் நூற்று நாற்பது, அதற்கு முந்தைய வருஷமும் நூற்று நாற்பது. "பாத்தீங்களா, ஒரு கிலோ ஏறல. உடம்புன்னா இப்படி ஒரு கட்டுப்பாட்டுல நிக்கணும்" என்று மார்தட்டிக்கொள்வார்.

கட்டுப்பாட்டின் லட்சணம் ஒருநாள் சாயங்காலம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது அதற்குள்ளிருந்து ஒரு இரும்பு நட்டு உருண்டு விழுந்தது. வலது காலுறை நனைந்து சிவந்திருந்தது. நாள் முழுக்க அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறார், வலியே தெரியவில்லை. ஊரான் லாரிக்கு அடியில் கல்லைத் தேடித் தேடி எடுத்த மனிதருக்குச் சொந்தக் காலுக்கு அடியில் கிடந்தது தெரியவில்லை. அவர் மனைவி அந்த நட்டைக் கழுவி, டாக்டரிடம் காட்ட முந்தானையில் முடிந்துகொண்டார்.

பொது மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் பிரிவில் வரிசை எடைமேடை வரிசையைவிட நீளம். அங்கே இருக்கும் சிஸ்டர் ஒல்லியான, கண்டிப்பான அம்மாள். யாரும் வாய் திறந்து எதிர்த்துப் பேச மாட்டார்கள். இவர் பேசினார். மருத்துவமனைத் தராசு நூற்று நாற்பத்தேழு காட்டியதும், "உங்க மெஷின் தப்பு சிஸ்டர். என்னோடது முத்திரை வெச்ச மெஷின். நூத்தி நாப்பதுதான், பல வருஷமா மாறவே இல்ல" என்று சட்டம் பேசினார்.

"லாரி எடை போடற மெஷினா? அது எத்தனை கிலோவுக்கு ஒருதரம் நகரும்?"

"இருபது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நூற்று முப்பதைத் தாண்டியதிலிருந்து நூற்று ஐம்பதைத் தொடும்வரை எதை வைத்தாலும் அந்த மேடை நூற்று நாற்பது என்றே காட்டும் என்பது, அதில் நாள்தோறும் உட்கார்ந்திருக்கிற அவருக்குத் தெரியாதா? தெரியும். லாரிக்கென்றால் தெரியும். தமக்கென்று வந்தபோது மட்டும் அது மறந்து போயிருந்தது.

புண் ஆழமாக இருந்தது. சர்க்கரை இறங்காவிட்டால் முதலில் கட்டைவிரலை எடுக்க வேண்டும், பிறகு பாதி பாதத்தை, அதற்கும் அடங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே. டாக்டர் இதைப் பஸ் நிறுத்தங்களை ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். சிஸ்டர்தான் நின்று விளக்கினார். "இந்தக் கால்ல பாரம் ஏறக் கூடாது. மருந்து நான் போடறேன், ஊசி ஆஸ்பத்திரி தருது. பாரத்தை நீங்கதான் இறக்கணும்." பாரம் என்ற விஷயம் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே அச்சில் லோடு உட்கார்ந்தால் எந்த டயர் வெடிக்கும் என்று தூரத்திலிருந்தே சொல்லக்கூடியவர் அவர். தம் காலையே அப்படி அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். பயந்துபோனார்.

அந்த வாரம் மைத்துனர் சாப்பிட வந்திருந்தார். மனைவியின் தம்பி, வரி ஆபீசில் வேலை, நாக்கில் நரம்பு கிடையாது. கட்டுப் போட்ட கால் எதிரே முக்காலியில் நீட்டிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கற பணம் எங்கே போகுதுங்கறீங்க மாமா? எல்லாம் சர்க்கரைக்குத்தான். வாயைக் கட்ட மாட்டாங்க, உடம்பை வளப்பாங்க, அப்புறம் இலவசமா ஊசி, இலவசமாக் கட்டு, இலவசமா ஆபரேஷன். தின்னது யாரோ, அழறது ஊரு. உங்களைச் சொல்லல மாமா, பொதுவாச் சொல்றேன்."

பொதுவாகச் சொன்னது குறி தப்பாமல் வந்து தைத்தது. அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் தம்பியின் பேச்சு நின்றது. "அவர் மாசாமாசம் கட்டற வரி எந்த ஊருக்குப் போகுதாம்?" என்று மட்டும் கேட்டார். மாமா சட்டம் பேசாமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்தார். அதுவே வீட்டில் அனைவருக்கும் அதிசயமாக இருந்தது.

மறுநாள் ஜல்லி லாரி ஒன்று டயர் பிதுங்க வந்து நின்றது. ஊன்றுகோலோடு வாசலில் சாய்ந்தபடி அவர் வழக்கமான பாட்டை எடுத்தார். "லாரி உன்னோடது, டயர் உன்னோடது, சரி. ரோடு யாரோடது?" வரிசை 'ஊரோடது' என்று கத்தியது. அவருக்கு அடுத்த வரி வரவில்லை. முந்தின நாள் கேட்ட 'அழறது ஊரு' குறுக்கே வந்து நின்றது. ஜல்லி லாரி டிரைவர், நரைத்த மீசைக்காரர், இந்தச் சந்தர்ப்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். "நானா ஏத்தினேன் அண்ணே? குவாரியில மிஷின் வெச்சுக் கொட்டிடறான். கொறைச்சுப் போடுன்னா வேற ஆள் பாத்துக்கறேங்கறான். நீங்க என்னை மட்டும் புடிச்சு நிறுத்துங்க."

எத்தனையோ வருஷமாகக் கேட்ட சால்ஜாப்புத்தான். அன்றைக்கு அது அவர் காதில் வேறு மாதிரி விழுந்தது. லாரியைத் திருப்பித்தான் அனுப்பினார். அதில் மாற்றம் இல்லை. ஆனால் அன்று மாலை இரண்டு காரியம் செய்தார். டிராயரிலிருந்த பிஸ்கட்டுகளை எடுத்து வரிசையில் நின்றவர்களுக்கு விநியோகித்தார். ஊன்றுகோலை ஊன்றி மேனேஜர் அறைக்குப் போய், மத்தியானம் சாப்பாட்டுக்கு மேடையை அடைக்க வேண்டும் என்று கேட்டார். மேனேஜர் சிரித்தார். லாரி நிற்குமே என்றார். "நிக்கட்டும் சார். இல்லன்னா என் கால் நிக்காது" என்றார் இவர். ஒரு வாரம் இழுபறி. கடைசியில் டிரைவர்களே, டீ நீட்டி அவரைக் கெடுத்த அதே புண்ணியவான்கள், மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டார்கள். மத்தியானம் தடுப்புக் கம்பி இறங்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில் அவர் வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்து, காயை நிறையவும் மற்றதைக் கொஞ்சமாகவும் நிதானமாக மென்று தின்றார். வெளியே ஹாரன் அடித்தவர்களை மற்ற டிரைவர்களே அதட்டி அடக்கினார்கள்.

எல்லாம் ராஜபாட்டையாக இருந்தது என்று சொல்ல முடியாது. சர்க்கரை போடாத டீயை முதல் நாள் குடித்தபோது, யாரோ ஏமாற்றிவிட்டதுபோல் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் ஐஸ்கிரீம் தட்டோடு நின்றவரை மனைவி கையும் களவுமாகப் பிடித்தார். "சும்மா வெச்சிருந்தேன்" என்றார், வாயோரத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்க. மறுநாள் சிஸ்டரிடம் தாமாகவே ஒப்புக்கொண்டார். சிஸ்டர் திட்டவில்லை. "காலை எடுக்கறதுக்கு ஆகற செலவு பெருசு. காப்பாத்தறதுக்கு ஆகறது கொஞ்சம். எடுக்கறதுக்குக் கேட்டா மேல உடனே கையெழுத்து விழுது. சர்க்கரை சோதனை பண்ற பட்டை வாங்கக் கேட்டா மாசக்கணக்கா பதில் இல்ல. எனக்கே இத்தனை ரோஷம் இருக்கு, உங்களுக்கு இருக்க வேணாமா?" என்றார். ரோஷம் என்ற சொல் நன்றாக வேலை செய்தது.

மருத்துவமனைத் தராசு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எடைமேடைதான் இறங்க மறுத்தது. மாதம் ஒருமுறை ஊன்றுகோலோடு போய் நிற்பார். நூற்று நாற்பது. சட்டை தோளிலிருந்து வழிகிறது, இடுப்பு வார் புதுத் துளை கேட்கிறது, அறைக்குள் நேராகவே நுழைகிறார். ஆனாலும் நூற்று நாற்பது. "என்ன அண்ணே, முத்திரை வெச்ச உடம்பாச்சே, நகருமா?" என்று வரிசை கேலி செய்தது. இத்தனை காலமாக அவரைச் சொகுசாக ஏமாற்றிய எண், இப்போது வம்புக்கு ஏமாற்றியது. விடுவதாக இல்லை என்று அவரும் பல்லைக் கடித்துக்கொண்டார். புண்ணும் அதே பிடிவாதத்தோடு, விளிம்பிலிருந்து உள்நோக்கி மூடிக்கொண்டே வந்தது.

மைத்துனர் அடுத்த முறை வந்தபோது அவர் தயாராக இருந்தார். "மாப்ள, நீ அன்னைக்குச் சொன்னது பாதி சரி. நான் இறக்க வேண்டியதை நான்தான் இறக்கணும். ஆனா ஒரு ஆளைக் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் சோத்துக்கு விடாம உக்கார வெச்சானே, அவனும் கொஞ்சம் இறக்கணும். லாரியை மட்டும் நிறுத்தினாப் பத்தாது, குவாரிக்கும் போய்ச் சொல்லணும்." மைத்துனர் பதிலுக்கு ஏதோ தொடங்கி, தம் சட்டையின் நடுப் பொத்தான் தட்டுக்குள் தெறித்து விழுந்ததால் நிறுத்திக்கொண்டார். அக்கா சிரித்த சிரிப்பில் தம்பியும் சிரித்துவிட்டார்.

ஒரு காலைநேரம் சிஸ்டர் கட்டைப் பிரித்தவர் திரும்பப் போடவில்லை. உள்ளங்காலில் புதுத் தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. விரலால் அழுத்திப் பார்த்து, "ஊன்றுகோலை இங்கேயே வெச்சிட்டுப் போங்க, வேற ஆளுக்கு ஆகும்" என்றார். கண்டிப்பான அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்ததை வரிசையே பார்த்தது. இவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற செருப்பில் இரண்டு காலையும் ஊன்றி நடந்து வெளியே வந்தார்.

வேலைக்கு வந்ததும் நேரே மேடைக்குத்தான் போனார். வரிசையில் முதலாவதாக ஜல்லி லாரி நின்றது. மீசைக்காரர் தலையை வெளியே நீட்டினார். அண்ணன் நட்டநடுவில் போய் நின்று நிமிர்ந்தார். கம்பத்தில் எண் ஒருமுறை துடித்தது. நூற்று இருபது.

அவர் நம்பவில்லை. இறங்கினார். கண்ணாடிக் கம்பியை எடுத்து வந்து மேடையின் நாலு பக்கமும் இடுக்கில் விட்டுப் பார்த்தார், எந்த லாரிக்கும் அத்தனை நேரம் பார்த்ததில்லை. கல் இல்லை. செருப்பைக் கழற்றி, அதே கண்ணாடியைத் தரையில் சாய்த்துத் தம் உள்ளங்காலையும் பார்த்துக்கொண்டார். சிஸ்டரின் கட்டளை அது, தினமும் பார்க்க வேண்டும். அங்கேயும் கல் இல்லை. உள்ளே போய் எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு வந்து மறுபடி ஏறினார்.

நூற்று இருபது.

மீசைக்காரர் ஹாரனை அழுத்தினார். பின்னால் நின்ற லாரி அழுத்தியது. அதற்குப் பின்னால் நின்றதும், அதற்கும் பின்னால் நின்றதும். மேனேஜர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து வாசலில் நின்றார். அந்த இரைச்சலுக்கு நடுவே அறுபது டன் அண்ணன் குனிந்து, தம் வலது தொடையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போ ராசா."