குணசுந்தரியின் மூச்சு மெஷின்

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் பெண்களில் குணசுந்தரியின் தொண்டைக்கு ஈடு கிடையாது. ஒரு கூடை சங்கரா மீனைக் கவிழ்த்துவிட்டு அவள் குரல் எடுத்தால், அந்தக் கோடியில் வலை பிரித்துக்கொண்டிருப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். நானும் அங்கேயே மீன் விற்கிறவள்; திருவொற்றியூர் குப்பத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதனால் அவளுடைய இன்னொரு சத்தமும் எனக்கு நன்றாகத் தெரியும். குறட்டை. அப்பப்பா, அதைக் குறட்டை என்று சொன்னால் போதுமா! கொஞ்ச நேரம் சுவரே அதிரும். பிறகு சட்டென்று நின்றுவிடும். செத்துகித்துப் போய்விட்டாளோ என்று நான் பதறும்போது, ஒரு திணறலோடு மறுபடி ஆரம்பிக்கும்.

"இன்னாடி குணா, நேத்து வூட்டுக்குள்ள லாரி ஓட்னியா?" என்று கிண்டல் செய்வேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஏலத்தில் தூங்கிய அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றது. விலை கூவிக்கொண்டே இருந்தவள், நின்ற நிலையில் தலை தொங்கி, திறந்த வாயோடு குறட்டை விட்டுவிட்டாள். சுற்றி நின்ற வியாபாரிகள் கைதட்டிச் சிரித்தார்கள். எவனோ ஒரு கடங்காரன் போனில் படம் வேறு எடுத்தான். அன்றிலிருந்து அவளுக்குக் கும்பகர்ணி என்று பேர். அவள் ஏலம் விடும் மீனுக்குச் சொந்தக்காரரான போட்டுக்காரர் கோதண்டம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தபா இப்டி தூங்குன, ஏலத்த வேற ஆளாண்ட குட்த்துருவேன். பேஜாரு பண்ணாத குணா." புருஷன் போன பிறகு அந்த ஏலத்தில்தான் அவள் தன் ஒரே மகள் மலர்க்கொடியை வளர்த்தாள், பட்டம் படிக்க வைத்தாள். அது போனால் அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

மலர்க்கொடி அண்ணா நகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் அம்மாவைப் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனாள். தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறதாம், அதனால்தான் பகலில் கண் சொக்குகிறதாம். மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்க, குழாய் வழியாகக் காற்றை ஊதும் ஒரு மெஷின் வாங்கச் சொன்னார். அங்கே "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டதற்கு, "வீட்லதான் இருக்காங்க" என்றாளாம் மலர்க்கொடி. குணசுந்தரி மறுத்துப் பேசவில்லை. "பாவம், அதுக்கு கூச்சமா கீது, உடு" என்றாள் என்னிடம். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மெஷின் வந்த அன்று மலர்க்கொடி இன்னொன்றும் சொன்னாள். திட்டிச் சொல்லவில்லை, போகிற போக்கில்தான் சொன்னாள். "கையை நல்லா கழுவிட்டு அதைத் தொடும்மா. மீன் வாடை ஒட்டிக்கிச்சுன்னா போகாது. சர்வீஸுக்குக் குடுக்கறப்ப மானம் போயிடும்."

மெஷின் என்னவோ நன்றாகத்தான் வேலை செய்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அமைதி. அவள் முகம் தெளிந்தது, ஏலத்தில் பழைய குரல் வந்தது. கோதண்டமே, "இன்னா குணா, பத்து வயசு கொறஞ்சா மாரி கீற!" என்றார்.

ஆனால் மாடிக் கொடியில் ஈரப் பாவாடைக்கு அடியில் ஒரு நீளக் குழாயை அவள் மறைத்துக் காயப்போடுவதைத் தினமும் பார்த்தேன். சுள்ளென்ற வெயிலில் அது காயும். கிட்டே போனால் மூக்கைத் துளைக்கும் நெடி. மீன் வைக்கும் ஐஸ் பெட்டியை நாங்கள் எப்படிக் கழுவுவோமோ, அப்படியே ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து மாஸ்க்கையும் குழாயையும் ஊறப்போட்டு அலசியிருக்கிறாள். தண்ணீர் ஊற்றும் டப்பாவையும் அதிலேயே தேய்த்திருக்கிறாள். ஐஸ் பெட்டியில் வாடை போக வேறு வழி எங்களுக்குத் தெரியாதே!

"ஏண்டி இப்டி பண்ற?" என்றேன்.

"கலீஜா நாறுச்சுன்னா மலருக்குத்தான அசிங்கம்?" என்றாள்.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மாஸ்க் விறைத்து ஓரமெல்லாம் வெடித்தது, குழாய் பிளந்து காற்று விசிலடித்தது. மெஷினுக்குள் ஏதோ முனகி முனகி ஒரு நாள் அடங்கிவிட்டது. சுவர் மறுபடி அதிர்ந்தது. அந்த வாரமே ஏலத்தில் அவளுக்குக் கண் சொருகிவிட்டது. நல்லவேளை, நான் இடுப்பில் கிள்ளி எழுப்பினேன். ஆனால் கோதண்டம் பார்த்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சர்வீஸ் கடைக்கு என்னையும் கூப்பிட்டாள். "எனுக்கு அங்கல்லாம் பேச வராது, நீ வா." துறைமுகத்தையே அதிரவைக்கிறவள் சொல்கிற பேச்சா இது! கிளம்புவதற்கு முன் தலைக்குக் குளித்தாள், மரிக்கொழுந்தும் மல்லிகையும் வைத்தாள். மெஷினைப் போட்ட பைக்குள் மலர்க்கொடியின் முகப்பவுடரைக்கூடக் கொட்டியிருந்தாள். மலர்க்கொடி ஆபீசிலிருந்து நேரே கடைக்கு வந்து சேர்ந்தாள்.

கடையில் மெஷினைத் திறந்து பார்த்த பெண்ணின் பேர் லுப்னா. முதலில் ஃபில்டரை உருவினாள். கன்னங்கரேல் என்று இருந்தது. "எண்ணூர் பக்கமா? உங்க ஏரியா ஃபேக்டரிப் புகைக்கு இதை அடிக்கடி பார்க்கணும், அழுக்கானா மாத்திடணும்" என்றாள். பிறகு மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குணசுந்தரியின் கண் அந்தப் பெண்ணின் மூக்கை விட்டு நகரவில்லை.

"மெஷின் ஒழுங்கா வச்சிருந்தா அஞ்சு வருஷம், அதுக்கு மேலயும் ஓடும்மா. மாஸ்க்கும் குழாயும் தேயும், அப்பப்ப மாத்திக்கலாம். ஆனா இது தேஞ்சது இல்ல, வெந்து போயிருக்கு. எதுல கழுவுறீங்க?"

"சோப்புலதான்" என்றாள் குணசுந்தரி. அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"குழந்தைக்குப் போடற மாதிரி சாதா சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி. நிழல்ல காயணும். டப்பாவுக்கு மெடிக்கல்ல விக்கிற டிஸ்டில்டு வாட்டர். அவ்ளோதான்மா வேலை. இதுல ப்ளீச்சிங் நெடி அடிக்குதே? உண்மையச் சொல்லுங்க. சொல்லலைன்னா புது மெஷின் குடுத்தாலும் இதே கதிதான். மறுபடி ராத்திரியெல்லாம் மூச்சு நிக்கும், பகல்ல தூங்கி விழுவீங்க. டாக்டர் சீட்டுல வீட்ல இருக்கறதாதானே போட்டிருக்கு, எதுக்கு ப்ளீச்சிங்?"

குணசுந்தரி மகளைப் பார்த்தாள். மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்ரூம் கழுவுறப்போ தெரியாம மேல பட்ருச்சும்மா."

உண்மை எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. குணசுந்தரி என் கையை அழுத்திப் பிடித்தாள். வேலை போனாலும் பரவாயில்லை, மகள் சொன்ன பொய் நிற்கட்டும் என்று நினைக்கிறாள், பைத்தியக்காரி. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

மலர்க்கொடி போனை மேஜைமேல் வைத்தாள். "பாத்ரூம் இல்ல மேடம்" என்றாள். "எங்கம்மா காசிமேட்ல மீன் ஏலம் விடறவங்க. வீட்ல இருக்காங்கன்னு நான்தான் பொய் சொன்னேன். மீன் வாடை அடிக்கும்னு நான்தான் சொன்னேன். அதுக்காகத்தான் தினமும்..." முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"எம்மா, வாய மூட்றீ. ஏண்டி மானத்த வாங்குற?" என்று குணசுந்தரி கெஞ்சினாள். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

லுப்னா அந்த வெடித்த மாஸ்க்கை எங்கள் முன்னாலேயே முகர்ந்து பார்த்தாள். "மீன் வாடையே இல்லம்மா" என்றாள். எழுந்து உள்ளே போய், உறை பிரிக்காத புது மாஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து பிரித்து, குணசுந்தரியின் முன்னால் நீட்டினாள். "எப்படிக் கழுவணும்னு காட்றேன். கையில புடிச்சிப் பாருங்க."

முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வரவில்லை.

"நீ வாங்கிக்க மலரு" என்றாள் குணசுந்தரி. "என் கை நாறும்."