சுலோசனா அந்தக் கண்ணாடியை வைக்கவில்லை

செய்தி எனக்கு ஒரு விளம்பரமாக வந்தது. காலைப் பத்திரிகையின் உள்பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு, கட்டடக் கலைஞர் சுலோசனாவின் படம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பக்கத்தில் பைபாஸ் சாலையில் இருக்கும் நூல் கம்பெனியின் நான்கு மாடி அலுவலகம், தலை முதல் கால் வரை நீலக் கண்ணாடியில் பளபளத்துக்கொண்டு நின்றது. மதுரைக்குப் பசுமைக் கட்டடம் தந்த எங்கள் கலைஞருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று கம்பெனி போட்டிருந்தது. நான் முதலில் அழவில்லை. பத்திரிகையைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து விரித்து மறுபடி படித்தபோதுதான் அழுகை வந்தது.

நம் இன்ஜினியர்கள் சங்க மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். நல்ல வார்த்தையாக நாலு எழுதுங்கள், பழசைக் கிளற வேண்டாம் என்றும் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும். அவரோடு பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அவர் வரைவார், அது நிற்பதற்கான கம்பிக் கணக்கை நான் போடுவேன். கிளறாமல் எழுத என்னால் முடியாது.

சுலோசனா செல்லூர்க்காரர். அப்பாவுக்கு நாலு விசைத்தறி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கூரைக்குக் கீழே நூல் சுற்றிக்கொண்டேதான் பாடம் படித்தாராம். “அந்த ஷெட்டுல நான் வெந்தது போதும்ணே. நான் கட்டுற எடத்துல ஒருத்தரும் வேகக் கூடாது” என்பார். அவர் கற்ற கட்டடக் கலை மொத்தமும் இதற்குள் அடங்கும். கோபம் உச்சிக்கு ஏறினால் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்துக்குத் தாவிவிடுவார். கொத்தனார்களுக்கு ஒரு சொல்லும் புரியாது; ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த நூல் கம்பெனிக்கு அலுவலகம் வரைந்தார். மனை மேற்குப் பார்த்தது. மதுரையில் மேற்கு வெயில் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாடிப்படி, கழிப்பறை, பழைய ஃபைல் வைக்கும் அறை எல்லாவற்றையும் மேற்கே தள்ளினார். ஆட்கள் உட்காரும் இடங்கள் வடக்கு வெளிச்சத்துக்குப் போயின. மேற்குச் சுவருக்கு இரண்டரை அடி வெளியே, காற்றுப் புகும் ஓட்டைகள் வைத்த சுட்ட மண் ஜாலியைத் தரையிலிருந்து மொட்டைமாடி வரை இன்னொரு சுவராக எழுப்பினார். வெயில் ஜாலியோடு நின்றுவிடும். இடைவெளியில் சூடாகிற காற்று மேலே ஏறி வெளியே போய்விடும். ஏ.சி. இருந்தது ஒரே அறையில், அதுவும் கம்ப்யூட்டருக்காக. கார்பன், கார்பன் என்று கோட்டுப் போட்டவர்கள் நம் ஊருக்கு வந்து வகுப்பெடுத்ததெல்லாம் பிறகு. அந்தச் சொல்லைக் கேள்விப்படும் முன்பே, கரண்ட் போனாலும் வேலை நிற்காத ஆபீஸை இந்தப் பெண் கட்டி முடித்திருந்தார்.

கட்டி முடித்ததோடு அவர் விட்டதும் இல்லை. ஒவ்வொரு சித்திரையிலும் தான் வரைந்த ஆபீஸ்களுக்கு மாலை நாலு மணிக்குப் போவார். முதலாளி அறைக்குப் போகமாட்டார். மேற்குச் சுவருக்கு யார் பக்கமாக உட்கார்ந்திருக்கிறாரோ அவரிடம் போய், “மத்தியானத்துக்கு மேல தலை வலிக்குதா?” என்று கேட்பார். அவ்வளவுதான் ஆய்வு. வலிக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவரோடு பேச முடியாது. மறுநாள் புதிய வரைபடத்தோடு வந்து நிற்பார்.

அந்த நூல் கம்பெனிக்கு என்னை அவர் முதலில் கூட்டிப்போன நாளையும் சொல்ல வேண்டும். அன்றைய முதலாளி என் ஊரைக் கேட்டார். சமயநல்லூர் பக்கம் என்றேன். ஊரில் எந்தத் தெரு என்றார். சொன்னேன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள் என்பது அந்தத் தெருவின் பெயரிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சுலோசனாவை உள்ளே கூப்பிட்டு, வேறு இன்ஜினியர் கிடைக்கவில்லையா என்று கேட்டார். கதவைச் சாத்தவில்லை, எனக்குக் கேட்டது. “இவரு கணக்குப் போட்டாத்தான் நான் வரைவேன். வேணாம்னா வரைபடத்தத் திருப்பிக் குடுங்க” என்று சுலோசனா கையை நீட்டியதும் தெரிந்தது. வேலை எங்களுக்கே கிடைத்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

பிறகு முதலாளி போய் அவர் மகன் வந்தார். ஜாலி பழைய பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதாம். வெளியூர் வியாபாரிகள் மதிக்கமாட்டார்களாம். அதை இடித்துவிட்டுக் கண்ணாடி மாட்டுவதென்று முடிவானது. இது வெயிலைத் தடுக்கும் கண்ணாடி, கார்பன் கணக்கில் பூஜ்யத்துக்கே வந்துவிடலாம் என்று ஓர் ஆலோசகர் திரையில் படம் போட்டுக் காட்டினார். மாற்றத்தைக் கட்டடம் தாங்கும் என்று ஓர் இன்ஜினியரின் கையெழுத்து தேவைப்பட்டது. என்னிடம் வந்தார்கள். ஜாலியைவிடக் கண்ணாடி எடை குறைவு. கணக்கு சரியாகவே வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் சுலோசனா என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“கட்டடம் நிக்கும்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. சரிதாண்ணே, நிக்கும். உள்ள உக்காந்திருக்கிறவங்களப் பத்தி யாரு எழுதிக் குடுப்பா?”

அது என் வேலை இல்லை என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். “அப்ப நான் வாரேண்ணே” என்று கிளம்பிவிட்டார். அதன் பிறகு நாங்கள் சேர்ந்து வேலை பார்க்கவில்லை. அவர் உடம்புக்கு முடியாமல் மாதக்கணக்கில் கிடந்தபோதும் நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஜாலியை ஒரே வாரத்தில் உடைத்துக் குப்பை லாரியில் ஏற்றினார்கள். கண்ணாடி வந்ததும் மேற்கே பார்க்க அழகாக இருக்கிறதென்று ஃபைல் அறையைக் காலி செய்து, கணக்குப் பிரிவை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மதியம் ஆனால் கண் கூசுகிறது. அதனால் திரையை இழுத்துவிட்டுப் பட்டப்பகலில் டியூப் லைட் போட்டு வேலை நடக்கிறது. திறக்க ஒரு சன்னல் கிடையாது. இப்போது கரண்ட் போகாத நாளே இல்லை. போனதும் பின்பக்கம் ஜெனரேட்டர் புகையைக் கக்குகிறது. அதில் பாதி ஏ.சி.தான் ஓடும்; கணக்குப் பிரிவு அந்தப் பாதியில் சேராது. இத்தனைக்கும் வாசலில் பசுமைக் கட்டடம் என்று பித்தளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். வெட்கம் கெட்ட பலகை.

இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மேடையில் மறுபடி அந்தக் கண்ணாடிப் படம். முதலாளியின் மகன் பேசி முடித்ததும் நான் எழுந்து, அது சுலோசனாவின் கட்டடம் இல்லை, அவர் கட்டியதை நீங்கள் உடைத்துவிட்டீர்கள் என்றேன். பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த மகன் கோபப்படவே இல்லை. “நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். உட்கார்ந்துவிட்டேன். பிறகு காபி கொடுத்தார்கள், நீங்களும் குடித்தீர்கள்.

வாசலில் ஒரு பெண் என்னை நிறுத்தினார். முத்துமாரி என்று பெயர், வண்டியூர்க்காரர், அந்தக் கணக்குப் பிரிவில் வேலை. போன சித்திரையிலும் சுலோசனா வந்தாராம். லிஃப்ட் நின்றிருந்ததால் படிக்குப் படி உட்கார்ந்து மூன்று மாடி ஏறி வந்தாராம்.

“தலை வலிக்குதான்னு கேட்டாங்க சார். இல்லம்மான்னுட்டேன். அவுங்க இருந்த இருப்புல வேற என்னத்தச் சொல்ல? மேசை மேல என் மாத்திரை அட்டை கெடந்துச்சு. அதைப் பாத்துட்டாங்க.”

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“எந்திரிச்சுப் போயி, அந்தத் திரைய இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுட்டுப் போயிட்டாங்க.”

நண்பர்களே, மலரில் அந்தக் கண்ணாடிப் படத்தைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் போடுங்கள். கீழே சுலோசனா பெயர் வேண்டாம். என் பெயரைப் போடுங்கள்.

அவர் நினைவாக என்னிடம் ஒரு வரைபடமோ கடிதமோ இல்லை. அவருடைய கோபத்தைத்தான் வைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம். இப்போது கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களிடம், மேற்குச் சுவரை ஒட்டி உட்காரப் போகிறவர் யார் என்று வரைபடத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். பதவியை எழுதினால் போதாது, பெயர் வேண்டும் என்கிறேன். இது இன்ஜினியர் கேட்கிற கேள்வியா என்று சிரிக்கிறார்கள். இரண்டு பேர் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். போகட்டும்.