ஆறு சொனாட்டாவும் ஓர் அடி சுரமும்

என் தங்கை சிபில்லாவை மெல்கியோருக்குக் கட்டி வைத்தவன் நான்தான். அவள் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். படைப்பிரிவின் வாத்தியக் குழுவில் அவன் ஓபோ என்ற சீவாளி வாத்தியம், நான் பசூன் என்ற அடிக்குரல் வாத்தியம். மழையில் அணிவகுப்பு, பனியில் வேட்டை, தளபதியின் மாமியார் சவ ஊர்வலம் என்று எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஊதியிருக்கிறோம். அளவாகக் குடிப்பான், அதிர்ந்து பேசமாட்டான். நம்பிப் பெண்ணைக் கொடுத்தேன். ஒருவனுடைய பிடிவாதம் அணிவகுப்பில் தெரிவதில்லை.

மாவரைக்கும் ஆலைக்காரனின் மகன். ஆலைச் சத்தத்துக்கு நடுவில் குழல் ஊதிப் பழகியதால் மூச்சு மட்டும் மாட்டு மூச்சு. பதினாறு வயதில் படையில் சேர்ந்தான். அணிவகுப்புக்கு மெட்டு எழுதத் தொடங்கி, பிறகு தளபதியின் பிறந்தநாளுக்கு எழுதினான், பிறகு யாரும் கேட்காமலே எழுதினான். சிபில்லா முட்டைக்கோஸ் சூப்பைச் சூடாக்கிச் சூடாக்கி அலுத்துப் போவாள். "சாப்பிட்டுட்டு எழுதுங்களேன், சுரம் எங்க ஓடிரப் போகுது?" என்பாள். "ஓடிரும்" என்பான் அவன், தலையைத் தூக்காமல்.

நாற்பதைத் தாண்டியதும் அவனுடைய மேல்முன்பல் ஆட ஆரம்பித்தது. மற்றவர்களுக்குப் பல் போனால் ரொட்டியை நனைத்துத் தின்னலாம். ஓபோக்காரனுக்குப் பல் போனால் உதட்டுக்கு முட்டு இல்லை. சீவாளி வாயில் நிற்காது, பிழைப்பும் நிற்காது. படையில் ஓய்வூதியம் என்ற பேச்சே கிடையாது. பல் விழுவதற்குள் அரண்மனையில் இசையமைப்பாளர் வேலை கிடைத்தால் பிழைத்தான், இல்லாவிட்டால் தெருதான். எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

வேலை கேட்கிறவன் பல பகுதிகள் கொண்ட சொனாட்டா என்ற இசைக்கோவை ஆறு எழுதி இளவரசருக்குச் சமர்ப்பிக்க வேண்டும், அதுதான் வழக்கம். மெல்கியோர் ஆறும் எழுதினான். ஓபோ வாசிக்கும் இளவரசருக்கென்றே எழுதினான். ஆறாவது முடிகிற நேரத்தில் இளவரசர் ஓபோவை விட்டுவிட்டுப் புல்லாங்குழலைப் பிடித்துக்கொண்டார். ஓபோ ஊதினால் கன்னம் உப்பி முகம் சிவக்கிறது என்று இளவரசி சிரித்துவிட்டாராம்.

போகட்டும், பெரிய சங்கடமில்லை. ஓபோவுக்கு எழுதியதைக் குழலிலும் வாசிக்கலாம், ஊரெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரே ஒரு சிக்கல். எல்லாத் துளைகளையும் மூடினால் ஓபோவில் கடைசியாக ஒரு சுரம் வரும், அடி சுரம். குழலில் அது கிடையாது. நம் ஆள் ஆறு சொனாட்டாவிலும் மெதுவான பகுதி முடிகிற இடத்தில் மெட்டைப் படிப்படியாக இறக்கிக்கொண்டு போய் அந்த அடி சுரத்தில்தான் உட்கார வைத்திருந்தான்.

"மாப்பிள்ளே, அந்த ஆறு இடத்த மட்டும் கொஞ்சம் மேல தூக்கி எழுதிருங்க. அரை நாள் வேலை."

"முடியாது மச்சான். அங்க போய்ச் சேர்றதுக்குத்தான் மொத்த மெட்டும் இறங்குது."

"மேல நின்னா என்ன குறைஞ்சு போச்சு?"

"மாடிப்படில பாதியிலயே நின்னு வீடு வந்துருச்சுன்னு சொல்வியா?"

"பல்லு ஆடுற மனுஷனுக்குப் பேச்சப் பாரு!" என்று சிபில்லா உள்ளேயிருந்து கத்தினாள். "அந்த ஒத்தச் சுரம் வந்து உங்களுக்குக் கஞ்சி ஊத்துமா?"

ஒற்றைக் காலில் நின்றான். மாற்றாமலே கொண்டுபோய்க் கொடுத்தான்.

புதன்கிழமைக் கச்சேரிக்கு எங்களை அழைத்தார்கள். இளவரசரே முதல் சொனாட்டாவைக் குழலில் வாசிக்கப் போவதாக அறிவித்தார்கள். எங்கள் அரண்மனையில் ஒரு விதி உண்டு. இளவரசர் தப்பு விட்டால், உடன் வாசிக்கிறவர்களும் சேர்ந்து தப்பு விட வேண்டும். அவர் நின்றால் நாங்களும் நிற்க வேண்டும். அவரைத் தாண்டி ஒரு சுரம் கேட்டால் அது பெரிய குற்றம்.

மெதுவான பகுதி வந்தது. மெட்டு இறங்கியது. அடி சுரத்தின் வாசலில் இளவரசரின் விரல்கள் குழலைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றன. உடனே நான் நின்றேன், ஹார்ப்சிகார்ட்காரரின் விரல்களும் கட்டைகளின் மேல் நின்றன. கூடம் முழுக்க மெழுகுவர்த்தி எரிகிற சத்தம்தான். பிறகு அவர் தலையசைத்து அடுத்த பகுதியைத் தொடங்கினார்.

முடிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. ஒரு பிரபுவின் மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மௌனம் இருக்கே, நெஞ்சையே புடிச்சுருச்சு!" என்றாள். இளவரசர் பூரித்துப் போனார். மெல்கியோரைக் கூப்பிட்டார்.

"மெட்டை இறக்கிக் கொண்டுவந்து ஒண்ணுமே இல்லாத இடத்துல நிறுத்தினீரே, எப்படி ஐயா தோணுச்சு?"

அவன் குனிந்து ஒரு கும்பிடு போட்டால் போதும். வாயைத் திறக்கவே வேண்டாம். பசூனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கர்த்தரை வேண்டினேன்.

"அது மௌனம் இல்லீங்க பிரபு" என்றான் மெல்கியோர். "அங்க ஒரு சுரம் இருக்கு. உங்க குழல்ல அது இல்ல."

சொன்னதோடு விட்டானா? தன் ஓபோவை எடுத்து, கேட்காமலே, அந்த இறக்கத்தை வாசித்து அடி சுரத்தைத் தொட்டு நிறுத்தினான். ஆடும் பல்லோடு எப்படி வாசித்தான் என்று எனக்கு இன்றும் தெரியாது. முரட்டுத்தனமும் கனிவுமாக, பூமிக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. நீளமாகப் பிடித்தான். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சுரம் அவனிடம் நான் கேட்டதில்லை.

இளவரசர் குழலைத் துடைத்து உறையில் வைத்தார். "கணீர்னு இருக்கு. படைக்கு ஏத்த சத்தம். அங்கயே இருக்கட்டும்" என்றார்.

வீட்டில் சிபில்லா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கரண்டியைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மட்டும், "அண்ணா, அந்தச் சுரம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சும்மா. அதுதான் எரிச்சலா இருக்கு."

அவள் அழுதாள். அந்த மனுஷன் அடுத்த அறையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஈஸ்டருக்கு முன்பே பல் விழுந்தது. இப்போது அவன் ஊர்க் கோட்டை வாசலில் வண்டிகளுக்குக் கதவு திறந்துவிடுகிறான். அரண்மனையில் என்னைப் பசூனுக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆறு சொனாட்டாவும் இளவரசருக்கு ரொம்பப் பிடித்துவிட்டன. அடி சுரங்களை அழித்து ஓய்வுக்குறி போட்டுப் புதிதாகப் பிரதி எடுத்தார்கள். விருந்தாளி வந்தால் அதைத்தான் வாசிக்கிறோம். மௌனம் வந்ததும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

அந்தச் சுரம் என் பசூனில் சுலபமாக வரும். எனக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். விரல்களைத் துளைகளில் வைத்தபடியே, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.