ஊர் கேட்கும் வரி

என் மேசையில் ஓர் அடிக்கோல் கிடக்கிறது. மரத்தாலானது, விளிம்பில் எண்கள் தேய்ந்துவிட்டன. திண்டுக்கல்லில் நான் நடத்திவரும் சிறு மென்பொருள் அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகள் பணியாற்றிய மூத்த நிரலாளர் அம்மையாருடையது அது. பிறர் எழுதிய நிரலைச் சரிபார்க்கையில் அதனைத் திரையின்மேல் கிடத்தி, ஒரு வரியைப் படித்த பின்னரே அடுத்த வரிக்கு இறக்குவார். "என்னக்கா, துணி அளக்குறீங்களா?" என்று இளைஞர்கள் சீண்டுவார்கள். "உனக்குச் சட்டை தைக்கத்தாண்டா. செத்த நேரம் சும்மா இரு" என்பார், கோலிலிருந்து கண்ணெடுக்காமல்.

பின்னர், தானே நிரல் எழுதும் செய்யறிவுக் (ஏ.ஐ.) கருவி வந்தது. ஒரு வாரப் பணி ஒரு முற்பகலில் முடிந்தது. அம்மையாரின் மேசையில் மட்டும் வேலை தேங்கியது. இனிக் கோல் வேண்டா, நிரல் சோதனைகளில் தேறினால் போதும் என்றேன். "படிக்காமயே அனுப்பச் சொல்றீங்களா சார்?" என்று ஒருமுறை கேட்டார். ஆம் என்றேன். கோலை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்.

மருத்துவமனை ஒன்றுக்கு நாங்கள் அமைத்த மென்பொருளில், ஒரே பெயரில் இருவர் இருப்பின், மருந்துக் குறிப்பைக் காட்டுமுன் ஊரைக் கேட்கும் வரி ஒன்று இருந்தது. அவசரத்தில் செவிலியர் பதிவெண்ணை விடுத்துப் பெயரையே தட்டுவதை நோயாளர் கூடத்தில் நின்று கண்டு, அம்மையார் எழுதிய வரி. பதிவெண் இருக்கையில் ஊர் மிகையென்று கருவி அதனை நீக்கியது. சோதனைகள் யாவும் தேறின. ஒப்புதல் அளித்தவன் நான்.

பத்தாம் நாள், வத்தலக்குண்டுப் பாண்டியம்மாளுக்குரிய இன்சுலின் ஊசி குஜிலியம்பாறைப் பாண்டியம்மாளுக்குப் போடப்பட்டது. நினைவிழந்தவர் கண்திறக்க இரண்டு நாளாயிற்று. அவ்விரு நாளும் அம்மையார் அறை வாயிலில் அமர்ந்திருந்தார். "நீங்க எங்கம்மாவுக்கு வேண்டியவுகளாக்கா?" என்று நோயாளியின் மகள் வினவினாள். "இல்லத்தா. கம்ப்யூட்டரு ஊரைக் கேக்கும். கேக்காம விட்டது நாங்கதான்." படிக்கட்டில் நின்ற நான் மேலேறவில்லை.

கருவியின் பிழை என்று பிற்பாடு அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு வத்தலக்குண்டும் தெரியாது, குஜிலியம்பாறையும் தெரியாது சார். நமக்குத் தெரியும்ல?" என்றார். அம்மாத இறுதியில் விலகினார். கோலை எடுத்துச் செல்லவில்லை.

நீக்கிய வரியை மீண்டும் சேர்த்தோம். கருவி இன்றும் எழுதுகிறது, வேகத்தில் குறைவில்லை. இன்று காலையும் அவ்வரி தேவையற்றதென்று பரிந்துரைத்தது. கோலை எடுத்து அதன்கீழ்க் கிடத்தினேன். ஒரு வரிதான், படித்து முடித்த பின்னும் கோலை அடுத்த வரிக்கு இறக்கக் கை வரவில்லை.