நாற்பத்தொன்றாம் சைஸில் ஒரு பட்டாம்பூச்சி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆறு வருஷமாகக் குழந்தைகள் ஷூதான் தைக்கிறேன். வார் மேல் தோல் பட்டாம்பூச்சி வைத்துத் தைப்பது என் வேலை.

இன்று காலை சூப்பர்வைசர் வந்து, "இனிமே உங்க லைன்ல வயசானவங்க ஷூதாம்மா. வெளிநாட்ல கொழந்த பொறக்கறதே கம்மியாய்டுச்சாம். சின்ன சைஸ் ஆர்டர் வரல" என்றார்.

கை கேட்கிறதா? பழக்கத்தில் நாற்பத்தொன்றாம் சைஸிலும் பட்டாம்பூச்சியைத் தைத்துவிட்டேன். லைனே சிரித்தது.

"இன்னாம்மா இது!" என்று கத்தினார் சூப்பர்வைசர். பிரித்தாலும் தோலில் ஊசி ஓட்டை தெரியும். அந்த ஜோடி வீண்.

பக்கத்து மெஷின் கல்பனா மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டாவது பெத்தா வேலைய விடணும்னுதானே நீ ஒண்ணோட நிறுத்தின? இப்ப வெளிநாட்டுக்காரங்க பெத்துக்கலன்னு உன் வேலைக்கே பேஜாரா இருக்கு."

கம்பெனி வண்டியில் குடியாத்தம் வந்து இறங்கும்வரை யோசித்தேன். வேலை போகக் கூடாதென்று நான் இரண்டாவது பெறவில்லை. அவர்கள் பெறாததால் என் வேலை ஆடுகிறது. அப்படியென்றால் இன்னொன்று பெற்றிருக்க வேண்டியது யார்? அவர்களா, நானா?

புரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். சூப்பர்வைசரிடமே கேட்கலாம் என்றால், அவருக்கும் ஒரே பிள்ளைதான்.