எறும்பு யாரைத் தேடி வந்தது?

கணைய நோயிலிருந்து பிழைத்த எங்கள் பூனை சுந்தரிக்குச் சர்க்கரை வந்துவிட்டது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே தினமும் இன்சுலின் போட்டேன். குளியலறையில் அவள் சிறுநீர் கழித்த இடத்தில் முன்பு மொய்த்த எறும்புகள் அதன்பின் வரவில்லை.

ஒருநாள் மறுபடியும் மொய்த்தன. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போய்வரும் கணவரைப் பிடித்தேன்.

“சுந்தரிக்குப் பால்கோவா குடுத்தீகளா?”

“இல்லட்டி, அம்புட்டையும் நாந்தான் தின்னேன்.”

சுந்தரியின் காதில் சொட்டு ரத்தம் எடுத்து, அவளுக்காக வாங்கிய சர்க்கரை மிஷினில் பார்த்தேன். சர்க்கரை சரியாகவே இருந்தது. அப்படியானால் எறும்பு ஏன் வந்தது? அங்கே சிறுநீர் கழிப்பது சுந்தரி மட்டுமல்லவே!

புது ஊசி மாட்டி, “விரலை நீட்டுங்க” என்றேன்.

“ஏட்டி, அது பூனை மிசினு!”

மிஷின் காட்டிய எண் முந்நூறைத் தாண்டியிருந்தது. பூனையை அத்தனை கவனித்த நான், பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கவே இல்லை.

இப்போது இருவருக்கும் நான்தான் சர்க்கரை பார்க்கிறேன். சுந்தரி அசையாமல் காதைக் கொடுக்கிறாள். அவர்தான் கத்துகிறார்.